ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி

என் மாமியார்தான் முதலில் கவனித்தார். 2018 டிசம்பர், மார்கழி பிறந்து மூன்று நாள் இருக்கும். விடிவதற்குள் கோயில் மைக் அலறத் தொடங்கியிருந்தது. நான் சுவரில் சாய்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த அத்தை எழுந்து முந்தானையால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி முத்து முத்தாக வேர்த்தது. "எனக்கே போர்வை பத்தல. இந்தப் புள்ளைக்கு ஏம்மா இப்படி ஊத்துது?" என்றார். "துணியில சுத்தி வெச்சிருக்கோம்ல அத்தை, புழுங்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை எத்தனையோ ராத்திரி திருப்பித் திருப்பி நினைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி தன் மூன்று மாதக் குழந்தையின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு வந்து நின்றதுதான். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு? பயப்படுற மாதிரி இருக்கா?" என்றாள். நான் டாக்டர் இல்லை. கடலூரில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒன்று தெரியும்: ஒரு கட்டத்தில் பூஜ்யம் போடுவது வேறு, கட்டத்தைக் காலியாக விடுவது வேறு. அவள் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, என்ன எழுதவில்லை என்றுதான் தேடினேன். எங்களுக்கு அந்தப் பழக்கம் வந்த கதைதான் இது.

எங்கள் வீடு முதுநகரில். வீட்டுக்காரருக்கு விசைப்படகு எஞ்சின் வேலை. பாப்பா பிறந்தது அக்டோபரில், 2.9 கிலோ. ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். பிறந்த மறுநாள் காலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார்கள், 98. நல்ல நிறம், நல்ல குரல். நவம்பரில் கஜா புயல் எச்சரிக்கை வந்து படகெல்லாம் கரையில் நின்ற வாரம், வீட்டுக்காரர் நாள் முழுக்கக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதெல்லாம் ஒரு குறையும் இல்லை. புயல் வேதாரண்யம் பக்கம் போனது, எங்களுக்கு மழைதான். அடுத்த புதன்கிழமை ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனோம். எடை 4.1 கிலோ.

பத்தாவது வார ஊசிக்குப் போனபோது 4.3.

நர்ஸம்மா தராசைத் தட்டிப் பார்த்தார். துணியைக் கழற்றி மறுபடி போட்டார். அதே 4.3. "ஏம்மா, பால் நல்லா குடிக்குதா? இந்த வயசுல ஒரு நாளைக்கு இருபது முப்பது கிராமாவது ஏறணும். ஒரு மாசத்துல இருநூறு கிராம்தான் ஏறியிருக்கு" என்று சொல்லி, அட்டையில் அந்த எண்ணைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டத்தோடு அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு பார்த்த டாக்டர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். தடுப்பூசி முடிந்ததும் அதைத் தொலைத்துவிடுகிற வழக்கம் நம்மில் நிறைய உண்டு. தொலைக்காதீர்கள்.

குழந்தை பால் குடிக்கிற விதமும் மாறியிருந்தது. ஆவலாகப் பிடிக்கும், இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும், மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும், திடீரென்று யாரோ கிள்ளியதுபோல வீறிட்டு அழும், பிறகு அசந்து தூங்கிவிடும். பசிக்கிற குழந்தை இப்படிப் பாதியில் அழுதுவிட்டுத் தூங்காது என்று எனக்கு அப்போது தெரியாது. வயிற்றுவலி என்று நினைத்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். "உரம் விழுந்திருக்கும்" என்று பக்கத்துத் தெருப் பாட்டியைக் கூப்பிட்டுப் புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தோம். அதற்காக நான் யார்மேலும் கோபப்படவில்லை. கைக்கு எட்டியதைச் செய்தோம். அன்றைக்கும் அத்தை மட்டும், "வயித்துவலின்னா காலை மடக்கும். இது காலை மடக்கல, மூஞ்சிதான் வெளுக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முதலில் பார்த்த டாக்டர் கேஸ் என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு இடத்தில் நெஞ்சில் சளி என்று நெபுலைசர் வைத்தார்கள். மூன்று நாளாகியும் மூச்சு வாங்குவது நிற்காததால் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் குழந்தை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சளி இருக்கட்டும். ஹார்ட் பெருசா தெரியுது. சில குழந்தைங்களுக்கு இந்த வயசுல நெஞ்சுக்குள்ள மேல்பக்கம் இருக்குற தைமஸ் சுரப்பியே ஹார்ட் மாதிரி பெருசா காட்டும். ஆனா வேர்வை, எடை எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எக்கோ எடுத்துடுறது நல்லது" என்றார். அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எக்கோ எடுத்த ஸ்கேன் சென்டரின் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் பெரியவர்கள் மாரடைப்பு சந்தேகத்துக்குப் போகிற இடம். பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: இடது கீழறை விரிந்திருக்கிறது, இதயம் சுருங்கும் திறன் 25 சதவீதம் (55க்கு மேல் இருக்க வேண்டும்), மிட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற கதவு) கசிகிறது, ஓட்டை எதுவும் இல்லை. முடிவு, டைலேட்டட் கார்டியோமயோபதி. அதாவது இதயத் தசை பலவீனம். நீர் பிரிய மருந்து கொடுத்து, "தசையே வீக்கா இருக்கும்மா. மருந்து குடுத்துப் பார்க்கலாம். தேறினா தேறும்" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து யாரும் விளக்குப் போடவில்லை.

அந்த ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற கொரோனரி குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று ஒரு வரிகூட இல்லை. இயல்பாக இருக்கிறது என்றும் இல்லை, தெரியவில்லை என்றும் இல்லை. கட்டம் காலி. நாங்கள் அதைப் பூஜ்யம் என்று படித்துக்கொண்டோம்.

எக்ஸ்ரே பார்த்த அதே டாக்டரிடம் தாளைக் காட்டினோம். அவர் இரண்டு தரம் படித்தார். "இவ்ளோ சின்னக் குழந்தைக்கு தசை வீக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி வேற காரணம் எதுவும் இல்லைன்னு பார்த்தாகணும். பாண்டியில குழந்தைங்க ஹார்ட் மட்டும் பார்க்குற மேடம் இருக்காங்க. நாளைக்கே போங்க. தள்ளிப் போடாதீங்க" என்று சீட்டு எழுதினார். சீட்டில் வெறுமனே எக்கோ என்று எழுதவில்லை. "கொரோனரி தொடங்கும் இடத்தைப் பார்க்கவும்" என்ற பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் திரும்பியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஸ்கேன் எடுப்பவரிடம் கேள்வியோடு போக வேண்டும். கேள்வி இல்லாமல் போனால் மெஷின் முன்னால் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

பாண்டி எங்களுக்குத் தூரமில்லை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் ஆண்கள் கும்பலாக இறங்குவது எதற்கென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் இறங்கினார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாப்பாவின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனேன். ஒரு நிமிடத்துக்கு அறுபத்து நான்கு. இரண்டு மாதம் வரை அறுபதுக்கு மேல் போனால் வேகம், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை ஐம்பது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தூங்கும்போது, முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் சின்னக் குழந்தைகளுக்குக் கணக்குத் தப்பும்.

மேடம் முதலில் எக்கோ எடுக்கவில்லை. ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பொட்டு மாதிரிச் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எடுத்தார்கள். தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. 'I', 'aVL' என்று எழுதியிருந்த இரண்டு கோடுகளில் விரலை வைத்து, "இங்க பாருங்க, குழி மாதிரி ஆழமா இறங்குது. பெரியவங்களுக்கு மாரடைப்பு வந்தா இப்படித்தான் இருக்கும். மூணு மாசக் குழந்தைக்கு இது வரக் கூடாது" என்றார். குழந்தைக்கு மாரடைப்பு என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன்.

அதற்கப்புறம் எக்கோ. அறை இருட்டு, ஏ.சி. குளிர். "அழுதா நெஞ்சு ஆடும், ஹார்ட் இன்னும் ஓடும், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கட்டில்ல பாப்பாகூட ஒருக்களிச்சுப் படுங்க" என்று என்னையே படுக்க வைத்துப் பால் கொடுக்கச் சொன்னார். ஜெல் பாட்டிலை அந்த டெக்னீசியன் பெண் உள்ளங்கையில் உருட்டிச் சூடு பண்ணிவிட்டுத்தான் பூசினாள். பாப்பா விழித்தபோதெல்லாம் விரலில் இரண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம். முதல் சென்டரில் பத்து நிமிடம் என்று மேலே சொன்னேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, பெரியவர்களின் இதயத்தைப் பார்க்கிற இடத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோனது எங்கள் அறியாமையும்தான். ஆனால் அந்த நாற்பது நிமிட வித்தியாசம் சாதாரண வித்தியாசம் இல்லை.

மேடம் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே வந்தார். வால்வைப் பிடித்திருக்கிற தசைகளைக் காட்டி, "இதெல்லாம் இப்படி வெள்ளையா மின்னக் கூடாது. ரத்தம் பத்தாம காய்ஞ்சிருக்கு" என்றார். பிறகு, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெருந்தமனிக்கு வந்து நின்றார். வெகு நேரம் அதே இடம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இடது கொரோனரி பெருந்தமனியில் ஒட்டியிருப்பது போலத்தான் எனக்கும் தெரிந்தது. நான் மூச்சு விட்டேன். அவர் தலையை ஆட்டினார். "பார்த்தா ஒட்டின மாதிரிதான் இருக்கு. இத நம்பக் கூடாது. பக்கத்துல ஓடுற குழாய்கூட, நடுவுல இருக்குற இடைவெளிகூட ஒட்டின மாதிரி காட்டும். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கணும்" என்று டெக்னீசியனிடம் கலர் ஸ்கேலைக் குறைக்கச் சொன்னார். வேகமாக ஓடுகிற ரத்தத்துக்கு வைத்திருக்கிற அளவில், மெதுவாக ஓடுகிற கொரோனரி ரத்தம் திரையில் நிறமே காட்டாதாம். இந்தக் கடலோர ஊரில் ஆற்று வெள்ளத்தைப் பார்க்கிற கண்ணால் வாய்க்காலைப் பார்க்க முடியாது, அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஸ்கேலைக் குறைத்ததும் திரையில் மெல்லிய ஒரு நிறக் கீற்று வந்தது. குழாயில் ரத்தம் இதயத் தசையை நோக்கிப் போகவில்லை. தசையிலிருந்து திரும்பி வந்து, நுரையீரலுக்குப் போகிற தமனிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மேடம் அந்த இடத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் ஓட்டி, மூன்று தரம் பதிவு செய்தார். யாரும் பேசவில்லை. பாப்பா மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கினாள்.

நோயின் பெயரை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அல்காப்பா என்கிறார்கள். 1933ல் பாஸ்டனில் பிளாண்ட், வொயிட், கார்லண்ட் என்று மூன்று டாக்டர்கள் ஒரு கைக்குழந்தையிடம் இதை விவரித்து எழுதியதால் அவர்கள் மூவர் பெயரிலும் சொல்வதுண்டு. மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு என்றார் மேடம். பெருந்தமனியிலிருந்து கிளம்ப வேண்டிய இடது கொரோனரி, பிறவியிலேயே நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது இரண்டு தமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியவில்லை. பிறந்த பிறகு சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் இறங்குகிறது. அது இறங்க இறங்க, அதை நம்பியிருக்கிற இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறது. போதாததற்கு, வலது கொரோனரி வழியாக வருகிற நல்ல ரத்தமும் அழுத்தம் குறைந்த பக்கம் வடிந்துவிடுகிறது. ஆக்ஸிஜன் 98 காட்டியதும் இதனால்தான். உடம்புக்குப் போகிற ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. இதயத்துக்குத்தான் பட்டினி.

பால் குடிப்பதுதான் கைக்குழந்தைக்கு ஓட்டப்பந்தயம். பெரியவர்கள் மாடி ஏறினால் நெஞ்சு வலிப்பதுபோல அவளுக்குப் பால் குடிக்கும்போது வலித்திருக்கிறது. வேர்த்தது அதனால். வெளுத்தது அதனால். நாங்கள் அதற்கு ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம்.

நான் அழுதுகொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியாமல் திணறினேன். அவர் மேடம் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டீசல் லைன்ல மாட்ட வேண்டியத ரிட்டன் லைன்ல மாட்டிருக்கு. அவ்ளோதான். எஞ்சின் நல்ல எஞ்சின்" என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். மேடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே: தசை செத்துப்போகவில்லை, பாதி தூங்குகிறது. குழாயை இடம் மாற்றி வைத்தால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். முந்தின வாரம் "தேறினா தேறும்" என்று சொல்லி அனுப்பிய அதே இதயம்.

இரண்டு நாள் கழித்து, பொங்கலுக்கு முந்தின வாரம், சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கிற ஸ்கேன். எக்கோவிலேயே தெரிந்துவிட்டதே, மறுபடி எதற்குக் கதிர்வீச்சு என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சிடுச்சு, ஆபரேஷன் பண்றவருக்குப் போதாது. குழாய் நுரையீரல் தமனியோட எந்தப் பக்கத்துல கிளம்புது, பெருந்தமனி வரைக்கும் இழுத்தா எட்டுமா, வேற கிளை எதுவும் குறுக்க போகுதான்னு அவருக்கு முன்னாடியே தெரியணும்" என்றார். குழந்தைகளுக்கென்று கதிர்வீச்சைக் குறைத்து எடுக்கிற முறை இருக்கிறது, அப்படித்தான் எடுக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சி.டி.யில் ஸ்கேன் சில வினாடிகள்தான். அதற்கு முந்தைய மணி நேரங்கள்தான் கொடுமை. மயக்க மருந்து கொடுப்பதால் நான்கு மணி நேரம் தாய்ப்பால்கூடக் கொடுக்கக் கூடாது. பசும்பாலோ பவுடர் பாலோ குடிக்கிற குழந்தையாக இருந்தால் ஆறு மணி நேரம் என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் சொன்னார்கள். பாப்பா என் வாசனைக்கே அழுதாள். கடைசியில் அத்தை வாங்கிக்கொண்டு என்னை வராண்டாவுக்குத் துரத்திவிட்டார். பால் கொடுக்கிற அம்மா கண்ணில் படாமல் இருப்பது அந்த நான்கு மணி நேரத்துக்கு நல்லது. கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். படத்தில் ரத்தக் குழாய் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றக் கையில் வென்ஃப்ளான் (ஊசிக்குழாய்) போட்டார்கள், கிட்னிக்காக ஒரு ரத்தப் பரிசோதனை முதல்நாளே எடுத்திருந்தார்கள். இதயம் இவ்வளவு பலவீனமாக இருக்கிற குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதே ஆபத்து, அதனால் மயக்க டாக்டர் ஒருவர் கடைசி வரை கூடவே இருந்தார். அவர் இல்லாமல் எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

அந்த வராண்டாவில் பலரைப் பார்த்தேன். பண்ருட்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு ஒன்றரை வயது. ஒரு வருஷமாக வீசிங் என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தார்களாம். திட உணவு கொடுக்கத் தொடங்கியதும் தொண்டையில் சிக்கிச் சிக்கி வந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் உணவுக்குழாயில் பள்ளம். சி.டி.யில் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மோதிரம் போலச் சுற்றியிருந்தது. இன்னொரு அம்மாவின் குழந்தைக்கு நுரையீரலிலிருந்து வருகிற நான்கு சிரைகளும் இடது மேலறைக்குப் போகாமல் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. அவர்களுக்கும் முதலில் நிமோனியா என்றுதான் மருந்து. ஒவ்வொரு வீட்டிலும் முதல் பெயர் ஏதோ சாதாரண நோயின் பெயர்தான். டாக்டர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நூறு குழந்தைக்குச் சளி என்றால் சளிதான். மருந்து கொடுத்தும் கேட்காத குழந்தையைத் திரும்ப முதலிலிருந்து பார்க்கிறார்களா என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஒரு தவறு எங்களுடையது, சொல்லியாக வேண்டும். முதல் எக்கோவின் தாளையும் அதில் ஒட்டியிருந்த இரண்டு சின்னப் படத்தையும் வீட்டுக்காரர் போட்டோ பிடித்து, சென்னையில் இருக்கிற உறவுக்காரர் மூலமாக ஒரு டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலுக்காக மூன்று நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வந்த பதில், "ஓடுற படம் இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது." எக்கோ என்பது வீடியோ. ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது நிற்கிற படத்தில் இருக்காது. எடுத்த இடத்திலேயே டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ பதிந்து கேளுங்கள், சி.டி. ஸ்கேனுக்கும் அப்படியே. கறுப்பு ஃபிலிமை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பாண்டியில் எடுத்த பதிவை அப்படியே கொண்டுபோனதால்தான் சென்னையில் மறுபடி சி.டி. எடுக்கவில்லை. அதேபோல் குழந்தை பால் குடித்து வேர்க்கிறதை, மூச்சு வாங்குகிறதை செல்போனில் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் போனதும் குழந்தை சிரிக்கும், அது அவர்கள் குணம்.

அறுவை சிகிச்சை ஜனவரி கடைசியில், சென்னையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. கார்டில் குழந்தை பெயர் இல்லாததால் பிறப்புச் சான்றிதழும் வருமானச் சான்றிதழுமாக வீட்டுக்காரர் ஒரு முழுநாள் அலைந்தார். பிறந்ததும் பெயர் சேர்த்துவிட்டிருந்தால் அந்த நாள் மிச்சம். ஆபரேஷனைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, நான் வெளியே இருந்தேன். இதயத்தை நிறுத்தி, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, குழாயை அதன் துவாரத்தோடு வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் தைத்தார்கள். வீக்கம் வடியும்வரை இரண்டு நாள் நெஞ்சை மூடவில்லை. ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எத்தனை குழாய் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது தேவனாம்பட்டினத்தில் மாசி மகக் கூட்டம், ஆட்டோ நகரவில்லை. அன்றைக்கு ராத்திரி பாப்பா ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் பால் குடித்தாள். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதயத் தசை உடனே எழுந்துகொள்ளவில்லை. ஆறு மாதத்தில் 48 சதவீதம், ஒன்றரை வயதில் 60. மிட்ரல் கசிவும் தானாகவே குறைந்தது. வால்வில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை.

2022ல் இரண்டாவது குழந்தை உண்டானபோது பயந்து செத்தேன். இது பொதுவாகக் குடும்பத்தில் தொடர்கிற நோயில்லை என்று மேடம் சொன்னாலும் ஐந்தாம் மாதம் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எடுத்தோம். எடுத்தவர் நேர்மையானவர். "அறை, வால்வு, பெரிய குழாய் எல்லாம் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. கொரோனரியை வயித்துக்குள்ள வெச்சு என்னால உறுதியா சொல்ல முடியாது, பிறந்த பிறகு பாருங்க" என்று ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்த வரி "நார்மல்" என்பதைவிட நிம்மதியாக இருந்தது. பிறந்து இரண்டாவது வாரமும் இரண்டாவது மாதமும் பார்த்தோம். பையனுக்கு ஒன்றுமில்லை, வாய்தான் அதிகம்.

தெருப் பெண் கொண்டுவந்த ரிப்போர்ட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதிலும் இடது கீழறை கொஞ்சம் விரிவு, வால்வு லேசாகக் கசிவு. கொரோனரி பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை, பயப்படு என்றும் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கேட்டேன், எடுக்கவில்லை. பேனாவை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில், "கொரோனரி ரெண்டும் எங்கிருந்து கிளம்புது, பார்த்தீங்களா?" என்று தமிழில் எழுதி, குழந்தை டாக்டரிடம் இதை அப்படியே நீட்டு என்று கொடுத்தேன். அவளுக்குச் சங்கடம். "டாக்டர் கோவிச்சுக்க மாட்டாராக்கா?" என்றாள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல் என்றேன். வியாழக்கிழமை போகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டாளா என்று அத்தை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.